சம்பளத்தில் பிடித்தார்கள், பாஸ்புக்கில் ஏறவில்லை

ஒரு கம்பெனிக்குக் கை இறுகத் தொடங்கும்போது எந்தப் பாக்கியை முதலில் நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். மின்கட்டணத்தை நிறுத்த முடியாது, கெடு தாண்டினால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். நூல்காரருக்குப் பணம் போகாவிட்டால் அடுத்த லோடு வராது. வங்கித் தவணை 90 நாள் தாண்டினால் வாராக் கடன் பட்டியலில் பெயர் ஏறிவிடும். சனிக்கிழமை கூலி போடாவிட்டால் திங்கட்கிழமை ஆள் வராது. மிஞ்சுவது பி.எஃப்., அதாவது தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதி. அதைக் கட்டாமல் விட்டால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது, அடுத்த வாரமும் ஒன்றும் நடக்காது. பணத்துக்கு உரியவர் பவர் டேபிளில் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறார். அவர் பாஸ்புக்கைப் பார்ப்பது பெரும்பாலும் மகள் கல்யாணத்துக்கோ, வீட்டுக்கு மேல்தளம் போடவோ பணம் எடுக்கப் போகும்போதுதான்.

அதனால்தான் பி.எஃப். பாக்கியை வெறும் சட்ட மீறலாக மட்டும் பார்க்கக் கூடாது என்கிறேன். ஒரு நிறுவனம் தள்ளாடுகிறது என்பதற்கு வெளியே தெரியும் முதல் அறிகுறி பல நேரம் இதுதான். சம்பளம் தாமதமாகும் முன்பே, பங்குதாரர்கள் சண்டை வெளியே வரும் முன்பே, பாஸ்புக்கில் வரவு நின்றிருக்கும். அந்த நேரத்தில் கம்பெனிக்கு மெஷின், கட்டடம், வரவேண்டிய பில் எல்லாம் இன்னும் இருக்கும். இரண்டு வருடம் கழித்து ஷட்டர் இறங்கிய பிறகு புகார் கொடுப்பவருக்கும், இரண்டாவது மாதமே கொடுப்பவருக்கும் சட்டம் ஒன்றுதான். வசூலாகும் தொகை ஒன்றாக இருப்பதில்லை.

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பி.எஃப். சட்டம் 1952-இல் வந்தது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். ஒருமுறை பொருந்திவிட்டால், பிறகு ஆள் எண்ணிக்கை 20-க்குக் கீழே போனாலும் விலக முடியாது. தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். முதலாளி பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, மீதி 3.67 சதவீதம்தான் பி.எஃப். கணக்கில் ஏறும். கட்டாய உறுப்பினருக்கான சம்பள வரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய்.

திருப்பூரில் 60 பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 15,000. ஒரு ஆளுக்கு அவர் பங்கு 1,800 ரூபாய். முதலாளி பங்கு 1,800, அதில் 1,250 ஓய்வூதியத்துக்கு, 550 பி.எஃப்.-க்கு. இவை போக, பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் காப்பீட்டுத் திட்டத்துக்கு அரை சதவீதம், நிர்வாகக் கட்டணம் இன்னொரு அரை சதவீதம், ஆக 150 ரூபாய். மொத்தம் 3,750. அறுபது பேருக்கு மாதம் 2,25,000 ரூபாய். எட்டு மாதம் கட்டாமல் விட்டால் 18 லட்சம். வங்கியில் 18 லட்சம் கடன் கேட்டால் ஜாமீன், சொத்துப் பத்திரம், மூன்று வருட பேலன்ஸ் ஷீட் எல்லாம் கொண்டுபோக வேண்டும். இங்கே 60 பேர் கையெழுத்தே போடாமல் கடன் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது அவர்களுக்கே தெரியாது.

அந்த 3,750-இல் 1,800 ரூபாய் தொழிலாளியின் கூலி. முதலாளி தன் பங்கைக் கட்டாதது ஒரு குற்றம். கூலியில் பிடித்துவிட்டுக் கட்டாதது வேறு தரத்துக் குற்றம், சட்டமும் அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. பிடித்த பணத்தைக் கட்டாத முதலாளிக்கு 1952 சட்டத்தின் 14-வது பிரிவில் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. தண்டனைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிடித்த தொகை முதலாளியிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டதாகவே கருதப்படும். கட்டவில்லை என்றால் நம்பிக்கை மோசடி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 405-வது பிரிவில் இருந்த இந்த விளக்கம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவிலும் அப்படியே இருக்கிறது.

ஏட்டில் இவ்வளவு கடுமை. நடைமுறையில் இந்தப் பிரிவுகளில் சிறைக்குப் போன முதலாளியை நம் தெருவில் தேடினால் கிடைக்க மாட்டார். காவல் நிலையத்துக்குப் போனால் பி.எஃப். ஆபீசுக்குப் போகச் சொல்வார்கள். வழக்கை வழக்கமாக முன்னெடுப்பது பி.எஃப். அதிகாரிகள்தான், அவர்களுக்கும் முதல் நோக்கம் வசூல்தான். அது தப்பில்லை. முதலாளி உள்ளே போனால் பாஸ்புக்கில் பணம் ஏறப்போவதில்லை.

"சர்வர் பிரச்சினைங்க அக்கா"

பாஸ்புக்கில் வரவு இல்லை என்றதும் தொழிலாளி முதலில் போய்க் கேட்பது கணக்கரிடம்தான். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"அண்ணா, அஞ்சு மாசமா பாஸ்புக்குல ஒண்ணுமே ஏறலீங்களே?"

"அது சர்வர் பிரச்சினைங்க அக்கா. ஆடிட்டர்கிட்டச் சொல்லியிருக்கேன், அடுத்த மாசம் மொத்தமா ஏறிரும்."

கணக்கரைத் திட்டிப் பயனில்லை. சலான் தயாரித்து மேசையில் வைப்பதோடு அவர் வேலை முடிகிறது, பணம் போடுவது வேறொருவர். ஆனால் அவர் சொல்வது உண்மையா என்று சோதிக்கத் தொழிலாளிக்கே வழி இருக்கிறது. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்குத் தெரியாத விஷயம் இது.

உங்கள் பாஸ்புக் உங்கள் கணக்கை மட்டும் காட்டும். பி.எஃப். நிறுவனத்தின் இணையதளத்தில் நிறுவனத் தேடல் என்று இன்னொரு பக்கம் இருக்கிறது. அதற்கு லாகின் தேவையில்லை, ஒவ்வொரு உறுப்பினருக்கும் தரும் யூ.ஏ.என். எண்கூடத் தேவையில்லை. கம்பெனி பெயரையோ கோட் எண்ணையோ போட்டால், எந்தெந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்ற விவரம் வரிசையாக வரும். கோட் எண் சம்பளச் சீட்டில் இருக்கும். சீட்டு இல்லாவிட்டால் உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணின் முன்பகுதிதான் அது.

அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் மூன்று நிலைகளில் ஏதாவது ஒன்று தெரியவரும். கம்பெனி எல்லா மாதமும் கட்டியிருக்கிறது, ஆள் எண்ணிக்கையும் சரி, உங்கள் கணக்கில் மட்டும் ஏறவில்லை என்றால் சிக்கல் உங்கள் ஆதாரிலோ யூ.ஏ.என். இணைப்பிலோ இருக்கலாம். 2021 செப்டம்பரிலிருந்து ஆதார் சரிபார்க்காத யூ.ஏ.என்.-க்கு மாதாந்திர ரிட்டர்ன் ஏற்றுவதில் தடை வந்தது. ஆதாரில் "முத்துலட்சுமி", பி.எஃப்.-இல் "எம். லட்சுமி" என்றிருந்தால் நியாயமான முதலாளியாலும் கட்ட முடியாமல் போகும். எனவே கணக்கர் சொல்லும் காரணம் எல்லாமே பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கம்பெனியின் பெயரில் ஏப்ரலுக்குப் பிறகு எந்த வரவுமே இல்லை என்றால் சர்வர் மேல் பழி போட இடமில்லை. மூன்றாவது வகைதான் ரொம்ப நுணுக்கமானது. மாதாமாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்டியிருப்பார்கள், ஆனால் 24 பேருக்கு மட்டும். தளத்தில் வேலை செய்வது 60 பேர். மீதி 36 பேர் காண்ட்ராக்ட், பீஸ் ரேட், டிரெய்னி என்று வேறு வேறு பெயரில் எழுதப்பட்டிருப்பார்கள். சட்டத்தில் காண்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவரும் தொழிலாளிதான். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் யாருடைய இடத்தில் வேலை நடக்கிறதோ அந்த முதன்மை முதலாளி கட்ட வேண்டும். கட்டிவிட்டுக் காண்ட்ராக்டரின் பில்லில் கழித்துக்கொள்வது அவர்களுக்குள் உள்ள கணக்கு.

பாஸ்புக் பார்க்க உமங் செயலி போதும். செயலி தடுமாறினால், பி.எஃப்.-இல் பதிவான மொபைல் எண்ணிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசி வரவும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும் என்பதால், 20-ஆம் தேதிவாக்கில் பார்ப்பது சரியாக இருக்கும். வட்டி ஏறவில்லையே என்று முதலாளியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். வட்டியை ஆண்டுக்கு ஒருமுறை பி.எஃப். நிறுவனம் போடுகிறது, அது தாமதமாவது அவர்களால். 2024-25-க்கு அது 8.25 சதவீதம்.

கட்டுவது போலக் காட்டுவது

கட்டவே கட்டாதவர் ஒரு ரகம். குறைத்துக் கட்டுபவர் இன்னொரு ரகம், இவர்கள்தான் அதிகம். 18,000 ரூபாய் சம்பளத்தில் அடிப்படை 6,000, மீதி வீட்டு வாடகைப் படி, பயணப் படி, சிறப்புப் படி என்று பிரித்து, 6,000-க்கு மட்டும் 720 ரூபாய் கட்டுவார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி மாதாமாதம் கொடுக்கும் படியைப் பிரித்து எழுதினாலும் அது அடிப்படைச் சம்பளம்தான் என்று விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழிலாளர் சட்டங்களுக்கான புதிய தொகுப்புச் சட்டங்களில் ஊதியத்துக்கான வரையறையும் அதே திசையில் இருக்கிறது. விலக்கு அளிக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும்.

சம்பளத்தில் பாதியை வங்கியில் போட்டு மீதியைக் கவரில் கொடுப்பது அடுத்த வழி. வாங்கும்போது தொழிலாளிக்கும் இது லாபமாகத்தான் தெரியும், பிடித்தம் குறைகிறதே என்று. ஓய்வூதியம் கணக்கிடும்போது கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை எடுப்பார்கள் என்பது அப்போது நினைவுக்கு வராது. கவருக்கு ரசீது கிடையாது.

இரண்டு பங்கையும் தொழிலாளி தலையிலேயே கட்டுவதும் உண்டு. 15,000 ரூபாய் சம்பளத்துக்குச் சீட்டில் 'பி.எஃப். 3,600' என்று பிடித்தம் இருந்தால், முதலாளி தன் 12 சதவீதத்தையும் உங்கள் கூலியிலிருந்து எடுத்துவிட்டார் என்று பொருள். அப்படிப் பிடிக்க ஒப்பந்தமே எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது என்று பி.எஃப். திட்ட விதி சொல்கிறது. இதோடு சேர்த்து இன்னொரு விதியையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மாதம் பிடிக்கத் தவறிய தொழிலாளி பங்கைப் பின்னாளில் அவர் கூலியிலிருந்து மொத்தமாகப் பிடிக்க முதலாளிக்குப் பொதுவாக உரிமை இல்லை. "மூணு வருஷ பி.எஃப். இப்பக் கட்டறோம், உங்க பங்கு இவ்வளவு, இந்த மாசம் கழிச்சுக்கறோம்" என்றால் மறுக்கலாம்.

சரி, சம்பளமே போடவில்லை, பிடித்தமும் இல்லை, அப்போது பி.எஃப்.? அப்போதும் உண்டு. சட்டம் பார்ப்பது கொடுத்த ஊதியத்தை மட்டுமல்ல, கொடுக்க வேண்டிய ஊதியத்தையும்தான்.

புகார் எழுதும்போது

நீளமான கடிதம் வேண்டாம். முதலாளி எப்படிப்பட்டவர், எவ்வளவு கஷ்டப்பட்டு வேலை செய்தேன் என்பதெல்லாம் படிக்கும் அதிகாரிக்குப் பயன்படாது. அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்: "2025 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை என் சம்பளத்தில் மாதம் 1,800 ரூபாய் பி.எஃப். பிடிக்கப்பட்டது. பாஸ்புக்கில் வரவு இல்லை. நிறுவனத்தின் கோட் எண், என் யூ.ஏ.என். எண் கீழே. ஐந்து மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை இணைப்பு. பி.எஃப். சட்டத்தின் 7ஏ பிரிவின் கீழ் விசாரித்து வசூலிக்கக் கோருகிறேன்." பி.எஃப். நிறுவனத்தின் இணையவழிக் குறைதீர்ப்புத் தளத்தில் இதைப் பதிவு செய்தால் ஒரு பதிவு எண் வரும். அந்த எண் முக்கியம், என்றைக்குப் புகார் சொன்னீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் 'நிதி ஆப்கே நிகட்' என்ற முகாம் நடக்கிறது. நேரில் போய்க் காகிதத்தைக் காட்டிப் பேசத் தெரிந்தவர்களுக்கு இணையதளத்தைவிட அது மேல்.

சம்பளச் சீட்டே கொடுக்காத கம்பெனிகள் உண்டு. அப்போது வங்கி வரவு, வருகை அட்டையின் போட்டோ, அடையாள அட்டை, சூப்பர்வைசர் ஷிப்ட் போட்ட வாட்ஸ்அப் செய்தி என்று கிடைப்பதையெல்லாம் சேர்த்து வையுங்கள். வேலையில் இருக்கும்போதே சேர்க்க வேண்டும். வெளியே வந்த அன்று மாலையே குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுத்தால் வேலை போகும் என்ற பயம் நியாயமானது, அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. பத்துப் பேராகச் சேர்ந்து, முடிந்தால் ஒரு சங்கத்தின் பெயரில் கொடுப்பதுதான் பழைய வழி, இன்றும் அதுதான் நல்ல வழி. சங்கக் கடிதத்தில் தனி ஆளின் பெயர் இருக்க வேண்டியதில்லை. நிறுவனத் தேடல் பக்கத்தில் உள்ள விவரமே விசாரணையைத் தொடங்கப் போதுமானது.

இன்னொரு பயம் இப்போது தேவையே இல்லாதது. "செட்டில்மென்ட் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று முதலாளி மிரட்டினால் ஒரு காலத்தில் தொழிலாளி அடங்கிப் போவார். ஆதாரும் வங்கிக் கணக்கும் சரிபார்க்கப்பட்ட யூ.ஏ.என். இருந்தால் பணம் எடுக்க முதலாளியின் கையெழுத்து வேண்டாம். வேலையை விட்ட தேதியை அவர் போடாவிட்டாலும், கடைசி வரவிலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

புகார் உள்ளே போன பிறகு நடப்பது மெதுவாகத்தான் நடக்கும். அமலாக்க அலுவலர் கம்பெனிக்குப் போய்ப் பதிவேடுகளைப் பார்த்து அறிக்கை தருவார். 7ஏ விசாரணைக்கு நோட்டீஸ் போகும். உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரங்கள் அந்த விசாரணைக்கு உண்டு, ஆள்களை அழைக்கலாம், ஆவணம் கேட்கலாம். வாய்தா மேல் வாய்தா போகும். கடைசியில் உத்தரவு வந்தும் கட்டாவிட்டால் மீட்பு அலுவலரிடம் கோப்பு போகும். அவர் கையில்தான் பல் இருக்கிறது. வங்கிக் கணக்கை முடக்கலாம், கம்பெனிக்கு யார் பணம் தர வேண்டுமோ அவர்களிடமிருந்து நேராக எடுக்கலாம், சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடலாம், முதலாளியைக் கைது செய்து சிவில் சிறையில் வைக்கலாம். ஏற்றுமதிக் கம்பெனிகளைப் பொறுத்தவரை வங்கிக் கணக்கு முடக்கம் என்ற ஒரே நோட்டீசுக்குப் பணம் வந்துவிடுவது உண்டு, அடுத்த ஷிப்மென்ட் நின்றுவிடுமே.

தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி தனி, அபராதத் தொகை தனி. இந்த அபராதத்தில் 2024 ஜூனில் ஒரு மாற்றம் செய்தார்கள். அதற்கு முன்பு தாமதம் இரண்டு மாதத்துக்குள் என்றால் ஆண்டுக்கு 5 சதவீதம், பிறகு 10, 15 என்று ஏறி, ஆறு மாதத்தைத் தாண்டினால் 25 சதவீதம். இப்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி மாதம் 1 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 12. எளிமையாக்கினோம் என்றார்கள். எளிமைதான், ஆனால் இதில் யாருக்கு லாபம்? ஒரு மாதம் தடுமாறிவிட்டு உடனே கட்டும் சிறு முதலாளிக்கு அபராதம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. இரண்டு வருடம் கட்டாமல் இழுத்தடிப்பவருக்குப் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. வட்டியும் அபராதமும் சேர்ந்து அவருக்கு ஆண்டுக்கு 37 சதவீதமாக இருந்தது, 24 ஆகிவிட்டது. வெளியே கந்துவட்டிக்கு வாங்குவதைவிட இது மலிவு. தலைகீழாகச் செய்திருக்க வேண்டிய திருத்தம் இது.

காலக்கெடுவிலும் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 1952 சட்டத்தில் பாக்கியை விசாரிக்கக் காலவரம்பே இல்லை. பத்து வருடத்துக்கு முந்தைய பாக்கியையும் கிளறலாம். அந்தச் சட்டத்துக்கு மாற்றாக எழுதப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020-இல் ஐந்தாண்டு வரம்பு வைத்திருக்கிறார்கள். முதலாளி மேல்முறையீடு செய்ய முன்பணமாகக் கட்ட வேண்டிய தொகையும் பழைய சட்டத்தின் 75 சதவீதத்திலிருந்து அதில் 25 சதவீதமாகக் குறைகிறது. ஓய்வு பெறும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பழைய பாக்கி கைநழுவிப் போகலாம்.

சம்பளப் பாக்கிக்கு வழி வேறு, அது பி.எஃப். ஆபீஸ் வேலை அல்ல. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டாலும், நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாள்களுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். பாக்கி கேட்டு மனுப் போட மூன்று ஆண்டு அவகாசம். பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் ஓராண்டுதான் இருந்தது, ஆகவே இந்த இடத்தில் தொழிலாளிக்குக் கொஞ்சம் நன்மை. வருமான வரி பிடித்துவிட்டுக் கட்டாத கம்பெனிகளும் உண்டு. அங்கே சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். பிடிக்கப்பட்ட வரியை மறுபடி ஊழியரிடம் கேட்கக் கூடாது என்று 1961 வருமான வரிச் சட்டத்தின் 205-வது பிரிவு தடுத்தது.

ஓய்வூதியமும் ஆஸ்பத்திரியும்

கட்டாத மாதங்களுக்கு ஓய்வூதியச் சேவை போய்விடுமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. குறைந்தது பத்து வருடச் சேவை இருந்தால்தான் மாத ஓய்வூதியம் என்பதால், ஒன்பது வருடம் நான்கு மாதத்தில் நிற்பவருக்கு முதலாளி கட்டாமல் விட்ட எட்டு மாதம் உயிர்நாடி. 1995 ஓய்வூதியத் திட்டம் சேவையைக் கணக்கிடும்போது பங்களிப்பு வந்த காலத்தோடு, வர வேண்டிய காலத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. ஆக, முதலாளி கட்டவில்லை என்பதற்காக உங்கள் சேவை குறையக் கூடாது. ஆனால் கவுன்ட்டரில் உள்ளவர் திரையில் தெரிவதைத்தான் பார்ப்பார், திரையில் அந்த மாதங்கள் காலியாக இருக்கும். வேலை செய்தேன் என்று காட்டும் காகிதம் உங்களிடம் இருந்தால் வாதாடலாம்.

தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.-இல் பாக்கி வைத்தால் இதைவிட வேகமாகக் கடிக்கும். பி.எஃப். குறைந்தால் பத்து வருடம் கழித்துத் தெரியும். இ.எஸ்.ஐ. கட்டவில்லை என்பது பிரசவத்துக்கு அயனாவரம் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே தெரிந்துவிடும். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 போட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு இருந்தால்தான் நோய்க்காலப் பணம் கிடைக்கும். முதலாளி கட்டாததால் பலன் மறுக்கப்பட்டால், இ.எஸ்.ஐ. கழகமே தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கிளை அலுவலகத்தில் "உங்க முதலாளி கட்டலியே" என்று திருப்பி அனுப்பினால் அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டுவிட வேண்டாம்.

தனியார் மட்டும்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஓட்டுநர், நடத்துநர் சம்பளத்தில் பிடித்த பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் டீசலுக்கும் அன்றாடச் செலவுக்கும் போனது ஊரறிந்த செய்தி. 2018 ஜனவரியில் பொங்கலுக்கு முன் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஓய்வு பெற்றவர்களின் நிலுவையும், பிடித்தத் தொகையைத் திருப்பிச் செலுத்துவதும் இருந்தன. பேருந்து இல்லையே என்று சலித்துக்கொண்டவர்களில் பலருக்கு அது தெரிந்திருக்காது.

ஒன்றிய அரசு அவ்வப்போது சலுகைத் திட்டங்களும் அறிவிக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை என அறிவிக்கப்பட்ட சேர்ப்பு இயக்கத்தில், 2017 ஜூலை முதல் 2025 அக்டோபர் வரை விடுபட்ட ஊழியர்களை முதலாளி தாமாகவே சேர்க்கலாம், அபராதம் வெறும் 100 ரூபாய் என்றார்கள். ஊழியர் பங்கைத் தள்ளுபடி செய்தது, அதைச் சம்பளத்தில் பிடிக்காமல் விட்டிருந்தால் மட்டும்தான். பிடித்தவர்களுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது என்று வைத்தது சரியே.

ஷட்டர் இறங்கிவிட்டால்

கம்பெனி மூடிவிட்டது, வங்கி சீல் வைத்துவிட்டது என்றால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. பி.எஃப். சட்டத்தின் 11-வது பிரிவின்படி இந்தப் பாக்கி நிறுவனச் சொத்தின் மேல் முதல் உரிமை. அடமானம் வாங்கிய வங்கிக்கும் முன்னால் பி.எஃப். நிற்கும் என்று மகாராஷ்டிர மாநிலக் கூட்டுறவு வங்கி வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வங்கியின் ஏல அறிவிப்பு நாளிதழில் வந்து, விற்று, பணத்தைப் பிரித்துக்கொண்ட பிறகு அந்த முன்னுரிமையைப் பேசிப் பலன் குறைவு. ஏல அறிவிப்பைப் பார்த்த அன்றே அதன் நகலோடு பி.எஃப். அலுவலகத்தின் மீட்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவருக்கு அந்தச் செய்தி தானாகப் போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம்.

திவால் சட்டத்தின் கீழ் போன நிறுவனமானால், பி.எஃப்., ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியவற்றுக்கான நிதி கலைப்புச் சொத்திலேயே சேராது என்று அந்தச் சட்டத்தின் 36-வது பிரிவு ஒதுக்கி வைத்திருக்கிறது. 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸ் ஊழியர்கள் பி.எஃப்., பணிக்கொடைப் பாக்கிக்காகத் தீர்ப்பாயம் வரை போராடி உத்தரவு வாங்கியது நடந்த கதை. வாங்க வேண்டிய கூலிப் பாக்கிக்கோ தனியாக உரிமை கோர வேண்டும். திவால் நடவடிக்கை தொடங்கியதும் நாளிதழில் வரும் பொது அறிவிப்பில் கடைசித் தேதி இருக்கும், அதற்குள், நிறுவனத்தை அப்போது நடத்தும் தீர்வு நிபுணரிடம் படிவம் டி கொடுக்க வேண்டும். பலர் சேர்ந்து ஒரு பிரதிநிதி மூலம் கொடுப்பதானால் படிவம் இ. பிறகு நிறுவனம் கலைப்புக்குப் போனால், அதற்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கி அடமானக் கடன்காரர்களோடு சமமாக நிற்கும். மேலாளர் போன்ற மற்ற ஊழியர்களுக்கு 12 மாதப் பாக்கி மட்டும், அதுவும் ஒரு படி கீழே.